விலை தெரியுமுன் முன்பணமா?



2025-ம் வருஷம் அக்டோபர் 5-ம் தேதி, ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் விடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில், பெங்களூரில் எங்கள் சபையைச் சேர்ந்த வாலிப சகோதரன் ஒருவர் என்னிடத்தில் வந்தார். "ஐயா, நாளைக்கு ஒரு காருக்கு புக்கிங் திறக்கிறார்கள். இந்தியா முழுவதற்கும் நூறு வண்டிகள்தான். எனக்கு ஒன்று கிடைக்கும்படி ஜெபியுங்கள்" என்றார். அவர் ஆலோசனை கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள், ஜெபத்தைத்தான் கேட்டார். தீர்மானத்தை நாமே எடுத்துவிட்டு, அதன்மேல் முத்திரை போட மாத்திரம் ஊழியக்காரனைத் தேடுகிற பழக்கம் நம்மில் அநேகருக்கு உண்டு.

அவர் சொன்ன வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். பார்வைக்குக் குடும்பக் கார். உள்ளே இருப்பதோ ஸ்போர்ட்ஸ் காரின் இயந்திரம். நம் தேசத்திற்கு அது முதன்முதலாக வந்தது 2004-ல். 2017-ல் மறுபடியும் வந்தபோது அதன் விலை இருபத்தைந்து லட்சத்திற்கும் சற்றுக் குறைவு. 2020-ல் இருநூறு வண்டிகள் மாத்திரம் ஏறக்குறைய முப்பத்தாறு லட்சத்திற்கு விற்கப்பட்டன. 2023-ல் ஆக்டேவியாவே இங்கே நின்றுபோயிற்று. 2025-ல் செக் நாட்டில் முழுவதுமாய்ச் செய்யப்பட்டு, கப்பலில் ஏற்றி, நூறே வண்டிகளாய் மறுபடியும் வந்தது. 265 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 6.4 விநாடியில் எட்டும். 250-க்கு மேல் போகாதபடி கம்பெனியே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. (நமது பெங்களூர் - மைசூர் நெடுஞ்சாலையில் காருக்கு அனுமதி நூறு கிலோமீட்டர்தான். சில்க் போர்டு சந்திப்பில் எத்தனை என்று நான் சொல்ல வேண்டுவதில்லை.)

இந்தச் சகோதரன் 2017-ல் ஊரைவிட்டு இந்தப் பட்டணத்திற்கு வேலைக்கு வந்தவர். அவருடைய மேலதிகாரி அந்தக் காரில்தான் அலுவலகத்திற்கு வருவாராம். இவரோ மாரத்தஹள்ளியில் நான்கு பேர் தங்கிய அறையிலிருந்து பஸ்ஸில் போனவர். "எட்டு வருஷமாக மனதிலே இருக்கிறது ஐயா" என்று அவர் சொன்னபோது நான் அதை இலேசாக எண்ணவில்லை. அந்நிய பட்டணத்தில் ஒன்றுமில்லாதவனாய் வந்து இறங்கினவனுக்கு, ஒரு வண்டி வெறும் வண்டியல்ல. நானும் அப்படி வந்து இறங்கினவன்தான்.

அருகில் அவருடைய மனைவி, மருத்துவமனையில் நர்ஸாகப் பணிபுரிகிற சகோதரி, குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றார். அவருக்கு அப்பொழுதுதான் விஷயமே தெரியும் என்பது முகத்திலே தெரிந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "விலை எவ்வளவு?"

"இன்னும் சொல்லவில்லை" என்றார் சகோதரன்.

"விலையே தெரியாத பொருளுக்கு இரண்டரை லட்சம் முன்பணமா?"

இருபத்தைந்து வருஷமாகப் பிரசங்கம்பண்ணுகிறேன். லூக்கா 14-ம் அதிகாரத்திலே, கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலாவது உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பதைப்பற்றி ஆண்டவர் சொன்னதை எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறேன். அந்தச் சகோதரியைப்போல ஒரு வரியில் சொன்னதில்லை. "உட்கார்ந்து" என்பதே அதில் முக்கியம். நூறு வண்டிகள்தான், நாளைக்கே போய்விடும் என்கிற அவசரத்தில் ஒருவனும் உட்காருவதில்லை.

அன்று நான் ஜெபித்தேன். ஆனால் கார் கிடைக்கவேண்டும் என்று ஜெபிக்கவில்லை. அவர் முன்பணம் கட்டவில்லை. நூறு வண்டிகளும் உடனே பதிவாகிவிட்டன. விலை அறிவிக்கப்பட்டதோ அக்டோபர் 17-ம் தேதி: 49 லட்சத்து 99 ஆயிரம். அந்த இரண்டு ஞாயிறும் அவர் சபைக்கு வரவில்லை. என்மேல் கோபம். நான் செய்தது சரிதானா என்று நானே இராத்திரியில் யோசித்தேன்.

மூன்றாம் வாரம் அவர்கள் வீட்டிற்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் மூவரும் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கர்நாடகத்தில் இருபது லட்சத்திற்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம், அதன்மேல் செஸ் தனி. வரி மட்டுமே ஒன்பது லட்சத்தைத் தாண்டுகிறது. இன்சூரன்ஸ் வேறு. நாற்பது லட்சம் கடனாக எடுத்து, 9 சதவீத வட்டியில் ஏழு வருஷம் கட்டினால், மாதத் தவணை ஏறக்குறைய 64,400 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது 54 லட்சம். அதாவது வண்டி ஓடினாலும் நின்றாலும், ஒவ்வொரு நாளும் இரண்டாயிரத்து நூறு ரூபாய்க்கு மேல்.

சகோதரி அந்தத் தாளின் மறுபக்கத்தில் எழுதினார்: ஊரில் மாமியாரின் கண் ஆபரேஷன், நாத்தனாரின் படிப்புக் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம். குற்றஞ்சாட்டி எழுதவில்லை. எழுதிவிட்டுத் தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் கேட்ட கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. "ஐயா, போன வருஷம் ஒரு சகோதரன் புதுக் காரைச் சபை வாசலில் நிறுத்தியபோது, நீங்கள்தானே அதன்மேல் கைவைத்து ஜெபித்து, கர்த்தர் தம்முடைய பிள்ளைகளைத் தலையாக்குகிறார் என்று மைக்கிலே சொன்னீர்கள்? அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள். நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்."

நான் சொல்ல ஒன்றுமிருக்கவில்லை. வாசகரே, இதை எழுதக் காரணமும் அதுதான். நம்முடைய சாட்சி நேரங்களில் கார் சாவி ஆசீர்வாதத்தின் அடையாளமாகிவிட்டது. அந்தச் சாவிக்குப் பின்னால் இருக்கிற தவணைப் புத்தகத்தை ஒருவரும் காண்பிப்பதில்லை, போதகனும் கேட்பதில்லை. கடன் வாங்குகிறவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22-ம் அதிகாரம் எச்சரிப்பதை நாம் திருமண ஆலோசனையிலே படிக்கிறோம், கார் பிரதிஷ்டையிலே படிப்பதில்லை.

காரை விரும்புவது பாவமா என்று நீங்கள் கேட்கலாம். வேதத்தில் வேகமாய் இரதம் ஓட்டினவன் உண்டு; யெகூவை அவன் ஓட்டுகிற விதத்தை வைத்தே தூரத்திலிருந்த காவற்காரன் அடையாளம் கண்டுகொண்டான். அப்சலோமுக்கும் இரதம் இருந்தது, முன்னால் ஓட ஐம்பது பேரும் இருந்தார்கள். ஜனங்கள் பார்க்கவேண்டும் என்றே வைத்திருந்தான். எத்தியோப்பிய மந்திரிக்கும் இரதம் இருந்தது. அதிலே பிலிப்பு ஏறி உட்கார இடமிருந்தது. வாசிக்க ஏசாயாவின் ஆகமமும் இருந்தது. மூன்றும் இரதந்தான். கையிலே ரொக்கமும், ஊரிலே கடமை தீர்ந்த மனதும், வீட்டிலே மனைவியின் சம்மதமும் உள்ள ஒருவர் நல்ல வண்டி வாங்கினால், நான் சந்தோஷமாய் அதில் ஏறி உட்காருவேன்.

அந்தச் சகோதரனுக்கு ஆசை போய்விட்டதா என்று கேட்டேன். "போகவில்லை ஐயா" என்று உண்மையைச் சொன்னார். அந்தத் தாளை சகோதரி மடித்துத் தன் வேதப்புத்தகத்தின் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரத்தில், கடன் அடைந்தவர்கள் யாராவது இருந்தால் எழுந்து சொல்லலாம் என்றேன். வெகுநேரம் ஒருவரும் எழும்பவில்லை. கடைசியில் கட்டிட வேலை செய்கிற சகோதரன் ஒருவர் எழுந்து, மோட்டார் சைக்கிளின் கடைசித் தவணையை வெள்ளிக்கிழமை கட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டு, வெட்கத்துடன் உட்கார்ந்துவிட்டார். கைதட்டுவதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து முதல் அல்லேலூயா சொன்னது அந்த நர்ஸ் சகோதரிதான்.