சொட்டுகிற பைப்

கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் கண்ணால் கண்டு பழகிய பொருள். துலாவால் அள்ளினாலும் மெசினால் இறைத்தாலும், அது வாய்க்காலில் எங்கே போகிறது, எங்கே உடைக்கிறது என்று வரம்பில் நின்றே சொல்லிவிடுவோம். கொழும்பில் தண்ணீர் சுவருக்குள்ளால் வருகிறது. பின்னர் பில்லாகவும் வருகிறது.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் எழும்பிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கினார்கள். தோட்டக்காரரும் அவர்களுள் இருந்தனர். ஊரில் மெசினைக் கழற்றிப் பூட்டியவர், புட் வால்வின் தோலைத் தானே வெட்டிப் போட்டவர், இங்கே குளியலறைப் பைப் சொட்டினால் பாஸ் ஒருவரைத் தேடி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். இரண்டும் ஒரே வேலைதான்.

சொட்டுவதை அற்பமென்று எண்ண வேண்டாம். இரவு படுக்கும்போது பைப்பின் கீழ் வாளியை வைத்துப் பாருங்கள். எட்டு மணித்தியாலத்தில் 10 லீற்றர் சேர்ந்தால் நாளொன்றுக்கு 30 லீற்றர், மாதத்துக்கு 900 லீற்றர். 1,000 லீற்றர் ஓர் அலகு. நீர்வழங்கல் சபையின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். ஒரே மானியில் மூன்று நான்கு குடும்பங்கள் இருக்கும் வீட்டில் பில் மேற்படிக்குத் தாவிவிட்டால், யார் கூடத் துவைத்தது, யார் கூடக் குளித்தது என்று சண்டை தொடங்கும். குற்றவாளி பைப்பாக இருக்கும். எல்லாப் பைப்புகளையும் இறுகப் பூட்டிவிட்டு மானியைப் பாருங்கள். அதிலுள்ள சிறு சில்லு அப்போதும் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது.

திருகிப் பூட்டும் பைப் பழைய சாமான். இங்கிலாந்தின் ரொதரம் நகரத்துப் பித்தளை வார்ப்பு நிறுவனமான கெஸ்ட் அன்ட் கிறைம்ஸ் 1845இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. உள்ளே ஒரு தண்டு. அதன் நுனியில் வோஷர். திருகும்போது வோஷர் இறங்கித் துவாரத்தை அடைக்கிறது. முன்பு அது தோல், இப்போது றப்பர். ஆகவே வாயால் சொட்டினால் பெரும்பாலும் வோஷர்தான் தேய்ந்திருக்கும். முழுப் பைப்பையும் மாற்றச் சொல்பவரிடம் ஒருதரம் யோசித்துப் பதில் சொல்லுங்கள். பிடியடியில் கசிந்தால் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தளர்ந்திருக்கும். உடல் வெடித்தால், அல்லது வோஷர் உட்காரும் விளிம்பு அரித்துப்போனால்தான் புதுப் பைப். கால் சுற்றில் பூட்டும் புதுவகைப் பைப்புகளில் றப்பர் வோஷருக்குப் பதிலாகப் பீங்கான் தட்டுகள் உண்டு. அவை பழுதானால் உள்ளுறுப்பை முழுதாக மாற்ற வேண்டும்.

பழைய பைப்பைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோவது நல்லது. பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயர் கடைகள் வரிசையாக உண்டு. வீட்டுப் பைப் பெரும்பாலும் அரை அங்குலம். பிளாஸ்டிக் பைப் வாங்குபவரை நாம் குறை சொல்லமாட்டோம். வாடகை கொடுத்த பின் மிஞ்சுவதைக் கொண்டுதானே வாங்குவது. ஆனால் அதை ஸ்பனரால் இறுக்கக் கூடாது, கையாலேயே போதும்.

முதலில் மானிக்குப் பக்கத்து வால்வைப் பூட்டுங்கள். வெள்ளவத்தை மாடி வீடுகளில் தண்ணீர் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து இறங்குவதால் வால்வு மேலே இருக்கலாம். பக்கத்து வீட்டாருக்குச் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். பிறகு பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, இடப்பக்கமாகத் திருகுங்கள்.

கவனம் தேவைப்படுவது இங்கேதான். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் சுவருக்குள் இருப்பது இரும்புக் குழாய். புரி துருவேறிப் பைப்பைப் பிடித்திருக்கும். பலத்தைக் காட்டினால் உள்ளே முழங்கை முறியும். பிறகு சுவரை உடைக்க வேண்டும், வீட்டுச் சொந்தக்காரருக்கு மறுமொழி சொல்ல வேண்டும், முற்பணத்திலும் கை வைப்பார்கள். எனவே முதல்நாள் இரவே புரியில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். குழாய் வெளியே தெரிந்தால் இன்னொரு ஸ்பனரால் அதைப் பிடித்துக்கொண்டே கழற்றுங்கள். அசையாவிட்டால் விட்டுவிடுங்கள், அந்த இடத்தில் பாஸுக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவல்ல. தொடங்குமுன் சொந்தக்காரரிடம் சொல்லி, செலவு யாருடையதென்று பேசி, கடைப் பற்றுச்சீட்டையும் பழைய பைப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பைப்பின் புரியில் வெள்ளை நாடாவைப் பத்துச் சுற்று அளவில் சுற்றுங்கள். புரி முனை உங்களைப் பார்த்திருக்க, மணிக்கூட்டு முள் போகும் பக்கமாகச் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் பூட்டும்போது நாடா கழன்று சுருண்டுவிடும். இரும்புக் குழாய்க்கு முன்பு சணல் நாரும் பெயின்ரும் சுற்றினார்கள், அதுவும் பிடிக்கும். கையால் ஏற்றி, கடைசியில் வாய் கீழே பார்க்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பின்னால் திருப்பி நேராக்க வேண்டாம், ஒழுகும்.

வால்வைத் திறக்கும்போது மெல்லத் திறவுங்கள். முதலில் துருவும் மணலும் கலந்து வரும்; தெளியும்வரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றலாம். இணைப்பின் கீழே காய்ந்த கடதாசித் துண்டொன்றை வைத்துவிட்டுப் படுங்கள். விடியவும் அது காய்ந்தே இருந்தால் வேலை சரி.