‘எங்கட புள்ள ஒண்டும் தின்னுதில்ல’: பீங்கானோடு ஓடும் உம்மாமாருக்கும் பார்த்திருக்கும் வாப்பாமாருக்கும்

மாதாந்த கிளினிக் நாளில் பிள்ளையை நிறுப்பதற்காக வரிசையில் நிற்கும் உம்மாமாருக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஆகக் கூடுதலாகக் காதில் விழும் வசனம் ஒன்றுதான்: “எங்கட புள்ள ஒண்டும் தின்னுதில்ல.” சொல்பவரின் முகத்தில் கவலையை விட வெட்கம்தான் அதிகம் இருக்கும். ஏனெனில் பிள்ளை மெலிந்தால் எமது சமூகத்தில் முதலில் விசாரிக்கப்படுபவர் உம்மாதான்.

எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது. மூன்றாவது மகளுக்கு இரண்டு வயது. மனைவி சோற்றுப் பீங்கானோடு முற்றத்துக்கும் அறைக்கும் ஓடுவார். ஒரு கையில் கைபேசி, மறு கையில் சோற்று உருண்டை. “பூனை வருது, காகம் வருது” என்று ஒரு மணித்தியாலம் போராடி ஐந்து வாய் தீத்துவார். மகள் அதில் மூன்றைத் துப்புவாள். “நாங்க எத்தனை புள்ளைகள வளர்த்தம், இப்பிடி ஒண்டும் இல்ல” என்று என் உம்மா சொல்வார். நான் இது பெண்களின் விடயம் என்று நினைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போய்விடுவேன்.

இரண்டு மாதங்கள் தொடர்ந்து நிறை கூடாமல், பதிவேட்டில் கோடு படுத்துவிட்டது. அன்று கிளினிக்குக்கு நானும் போயிருந்தேன். குடும்பநல உத்தியோகத்தர் ஏசவில்லை. மூன்று நாட்களுக்குப் பிள்ளையின் வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வரச் சொன்னார். எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாளின் கணக்கு இது: சூப்பிப் போத்தலில் நான்கு தடவை பால்மா, இரண்டு தடவை பிஸ்கட் தோய்த்த தேநீர், ஒரு ஐஸ் பக்கற், பாதி வாழைப்பழம், அஸர் தொழுதுவிட்டு வரும்போது நான் வாங்கி வந்த ஒரு பக்கற் கிறீம் பிஸ்கட், ஏழெட்டு வாய் சோறு. கொப்பியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “இது சாப்பிடாத பிள்ளை இல்ல சேர். வயிறு நிறைஞ்ச பிள்ளை.”

அந்த ஒரு வசனம் எங்கள் வீட்டையே மாற்றியது. அதன் பிறகு நான் வாசித்ததையும், கேட்டதையும், செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பசி ஏன் குறைகிறது?

மூன்று கிலோவில் பிறக்கும் பிள்ளை முதலாவது பிறந்த நாளில் ஏறத்தாழ ஒன்பது கிலோவை எட்டுகிறது. நிறை மும்மடங்காகிறது. இரண்டாவது வருடத்தில் அது இரண்டு, இரண்டரை கிலோ அளவுதான் கூடும். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயல்பு. “எட்டு மாசத்தில எல்லாம் தின்ட புள்ள, இப்ப தின்னுதில்ல” என்று நாம் சொல்வதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

அத்தோடு இரண்டு வயதை அண்டும்போது பிள்ளைக்குப் புதிய உணவைக் கண்டால் ஒரு பயம் வருகிறது. நடக்கத் தொடங்கிய பிள்ளை கண்டதையெல்லாம் வாயில் போடாமல் தடுக்கும் இயற்கையான பாதுகாப்பு இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பச்சை நிறம், வழுவழுப்பு, கசப்பு என்பவற்றில் இந்தப் பயம் கூடுதலாக வெளிப்படும்.

உடும்புக் கறி பற்றிய ஹதீஸ் எமக்குத் தெரியும். மைமூனா (ரழி) அவர்களின் வீட்டில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரழி) கேட்டபோது, இல்லை, தமது ஊரில் அது இல்லாததால் தமக்கு விருப்பம் வரவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். காலித் (ரழி) அதை அவர்களுக்கு முன்னாலேயே சாப்பிட்டார்கள். பழக்கமில்லாத உணவில் மனம் ஒட்டாது என்பதற்கு இதை விடத் தெளிவான சான்று வேண்டுமா? வளர்ந்தவர்களுக்கே இப்படியென்றால், பாகற்காயை முதல் தடவை காணும் இரண்டு வயதுப் பிள்ளையை நாம் ஏன் “அடம்” என்று ஏச வேண்டும்?

பழக்கமின்மைக்கு மருந்து பழக்கம்தான். ஒரு உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து தடவைகள் வரை அது கண்ணில் பட வேண்டியிருக்கும். நாமோ மூன்றாவது தடவையிலேயே “இவளுக்கு முருங்கை இலை பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதி விடுகிறோம்.

முதலில் போத்தலையும் தேநீரையும் பாருங்கள்

ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் பால் ஒரு உணவு மட்டுமே, முழு உணவல்ல. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றருக்கு மேல் பால் போனால் வயிறு நிறைந்து சோற்றுக்கு இடமிருக்காது. பாலில் இரும்புச் சத்தும் மிகக் குறைவு. அதனால்தான் கொழுகொழுவென்றிருக்கும் பால் குடிக்கும் பிள்ளைக்கும் இரத்தச்சோகை வருகிறது. தாய்ப்பால் இதில் சேராது. இரண்டு வருடம் தாய்ப்பாலூட்டுவது அல்குர்ஆன் (2:233) காட்டும் வழி. உலக சுகாதார நிறுவனமும் இரண்டு வயது வரையும் அதற்கு அப்பாலும் அதைத் தொடரச் சொல்கிறது.

தேநீரின் விடயம் இதை விடப் பாரதூரமானது. தேயிலையிலுள்ள தனின், மரக்கறியிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடல் உறிஞ்ச விடாமல் தடுக்கிறது. காலையிலும் மாலையிலும் பிள்ளைக்குத் தேநீர் கொடுப்பது எமது வீடுகளில் ஒரு பாசத்தின் அடையாளமாகிவிட்டது. இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்து போகும், கவனம் சிதறும். தரம் ஒன்று வகுப்பில் இடைவேளைக்கு முன்பே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையைக் காணும்போது, காலையில் என்ன சாப்பிட்டாய் என்றுதான் நான் முதலில் கேட்பேன். “தேத்தண்ணியும் பிஸ்கட்டும்” என்ற பதில் எனக்குப் பழகிப்போனது.

நாங்கள் செய்த முதல் வேலை, சூப்பிப் போத்தலை நிறுத்திக் கோப்பையில் இரண்டு வேளை மட்டும் பால் கொடுத்தது. தேநீரை முற்றாக நிறுத்தினோம். முதல் நான்கு நாட்கள் வீட்டில் அழுகை. ஐந்தாம் நாள் பகல் மகள் தானாகவே வந்து “சோறு” என்று கேட்டாள்.

உங்கள் வேலை எது? பிள்ளையின் வேலை எது?

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சட்டர் 1980களில் எளிமையான ஒரு வேலைப் பங்கீட்டை முன்வைத்தார். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கும். எமது வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிஸ்கட் வேண்டுமா, நூடில்ஸ் வேண்டுமா என்று பிள்ளை தீர்மானிக்கிறது. எத்தனை வாய் சாப்பிட வேண்டும் என்று நாம் தீர்மானிக்கிறோம்.

நடைமுறையில் இது மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு சிற்றுணவு. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டரை, மூன்று மணித்தியாலம். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். ஒரு வேளை சாப்பிடாவிட்டால் கோபம் வேண்டாம், பதிலுக்குப் பிஸ்கட்டும் வேண்டாம். அடுத்த வேளை தூரத்தில் இல்லை. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பீங்கானை எடுத்துவிடுங்கள்.

அளவையும் சரியாக நினைக்க வேண்டும். வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது பொதுவான கணக்கு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மேசைக்கரண்டி சோறு, இரண்டு பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு துண்டு மீன். முடித்துவிட்டுக் கேட்டால் இன்னும் வைக்கலாம். நாம் வாப்பாவின் பீங்கானில் பாதியை வைத்துவிட்டு, மிச்சம் விட்டதற்காக அழுகிறோம்.

கட்டாயமும் இலஞ்சமும்

“நாலு வாய் தின்டா டொபி தாறன்.” இதைச் சொல்லாத வீடு இல்லை. 1984இல் லியான் பேர்ச் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளடைவில் அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பம் குறைந்தது. வெறும் பாராட்டுக் கிடைத்த பிள்ளைகளிடமும் அதுவே நடந்தது. பிள்ளையின் கணக்கு நேரானது: கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலை நல்ல வேலையாக இருக்க முடியாது.

கைபேசியைக் காட்டித் தீத்துவதும் இப்படித்தான். வாய் திறக்கும், ஆனால் பிள்ளை என்ன சாப்பிடுகிறது, வயிறு நிறைந்ததா என்பதை உணராது.

அனஸ் (ரழி) கற்ற பாடம்

ஒரு தையற்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். அனஸ் (ரழி) அவர்களும் கூடப் போனார்கள். சுரைக்காயும் இறைச்சியும் சேர்த்த ஆணம் வந்தது. நபியவர்கள் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்துச் சாப்பிடுவதை அனஸ் (ரழி) பார்த்தார்கள். அன்றிலிருந்து தனக்கும் சுரைக்காய் விருப்பமானதாகிவிட்டது என்கிறார்கள். இந்தச் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அங்கே கட்டளை இல்லை, இலஞ்சம் இல்லை. நேசிக்கும் ஒருவர் விரும்பிச் சாப்பிடுவதைக் கண்ணால் கண்டதே போதுமாக இருந்தது.

இதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கீரைச் சுண்டலைப் பீங்கானின் ஓரத்துக்குத் தள்ளும் பழக்கம் எனக்கே இருந்தது. மகள் அதைத்தான் பார்த்து வளர்ந்தாள். வலீமாக்களில் சஹனைச் சுற்றி அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடும் நாம், வீட்டில் ஆளுக்கொரு நேரம் சாப்பிடுகிறோம். பிள்ளை மட்டும் தனியாக, கைபேசியோடு. இரவுச் சாப்பாட்டை இஷாவுக்கு முன் எல்லோரும் பாயில் அமர்ந்து சாப்பிடுவது என்று முடிவெடுத்தோம். பிஸ்மி சொல்லி, வலது கையால், தன் முன்னால் இருப்பதிலிருந்து எடுத்துச் சாப்பிட அவள் அங்கேதான் பழகினாள். உமர் இப்னு அபீ ஸலமா (ரழி) என்ற சிறுவருக்கு நபியவர்கள் கற்பித்த ஒழுங்கும் அதுதான். சிந்தும், முகமெல்லாம் பூசிக்கொள்ளும். பரவாயில்லை, கழுவலாம்.

சமையலறையில்

2022இல் உணவு விலையேற்றம் 90 சதவீதத்தைத் தாண்டிய காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். சத்துள்ள உணவென்றால் விலை கூடிய டின் என்று எண்ணத் தேவையில்லை. முருங்கை இலை பெரும்பாலும் வேலியிலேயே இருக்கிறது. நெத்தலியை நன்றாக அவித்து மசித்தால் முள்ளோடு சேர்த்துக் கல்சியமும் கிடைக்கும். முட்டை, பயறு, கௌபி, பப்பாசி, வற்றாளைக் கிழங்கு, கிழமைக்கு ஒரு தடவை சிறிது கோழி ஈரல் எல்லாம் பிள்ளையின் உணவுதான். பருப்பிலும் கீரையிலும் சில துளி தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச் சத்து நன்றாக உறிஞ்சப்படும்.

தனிச் சமையல் வேண்டாம். கறியில் மிளகாய்த்தூள் போடுமுன் பிள்ளையின் பங்கை எடுத்து வையுங்கள். விருப்பமான ஒன்றோடு பழக்கமில்லாத ஒன்றை ஒரு கரண்டி மட்டும் வையுங்கள். தேங்காய்ப்பாலும் இறைச்சியும் போட்ட நோன்புக் கஞ்சி பிள்ளைகளுக்கு அருமையான உணவு. அதை ஏன் ரமழானோடு நிறுத்திவிடுகிறோம்?

தொண்டையில் சிக்கும் உணவுகளில் கவனம் தேவை. கச்சான், டொபி, முழுத் திராட்சை, விதையோடு ரம்புட்டான் என்பவற்றைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. ஈச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துக் கிள்ளிக் கொடுங்கள். தேன் சுன்னாவான உணவுதான், ஆனால் ஒரு வயது முடியாத குழந்தைக்கு அது ஆபத்து.

எல்லாவற்றையும் “பழக்கம்” என்று விட்டுவிடவும் கூடாது. நிறை குறைந்தால், பல மாதம் கூடாமலிருந்தால், விழுங்கும்போது திணறினால், அடிக்கடி வாந்தி எடுத்தால், மண் தின்றால், முகம் வெளிறிச் சோர்ந்திருந்தால், மலச்சிக்கல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். கிளினிக்கில் தரும் புழு மருந்தைத் தவறவிடாதீர்கள். நிறை குறைந்த பிள்ளைக்கென்று திரிபோஷா கிடைத்தால், அதை முழு வீடும் பகிர்ந்து உண்ணாமல் பிள்ளைக்கே கொடுங்கள்.

கடைசியாக, வாப்பாமாருக்கு

இரண்டு மாதத்தில் மகளின் கோடு மீண்டும் மேலே போகத் தொடங்கியது, அல்ஹம்துலில்லாஹ். முருங்கை இலையை அவள் ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவைக்கு மேல் வைக்க வேண்டியிருந்தது. இப்போது தரம் ஐந்தில் படிக்கிறாள். வெண்டிக்காய் இன்னும் பிடிக்காது. அது அவளது உரிமை. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை, விரும்பினால் சாப்பிடுவார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். அவளுக்கும் அதையே சொல்லியிருக்கிறோம்: வேண்டாமென்றால் விடலாம், குறை சொல்லக் கூடாது.

நான் செய்த வேலை பெரிதல்ல. பிஸ்கட் பக்கற் வாங்குவதை நிறுத்தினேன். கீரையைச் சாப்பிட்டேன். உம்மம்மாவும் வாப்பம்மாவும் இரகசியமாகக் கொடுக்கும் டொபியை மரியாதையோடு தடுத்தேன். அதை மருமகள் சொன்னால் சண்டையாகிவிடும், மகன் சொன்னால் கேட்பார்கள். அடுத்த கிளினிக் நாளில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். அந்த வரிசையில் நிற்கும் உங்கள் மனைவி அன்று தனியாக வெட்கப்பட வேண்டியிருக்காது.