மாப்பிள்ளை எப்ப போவார்?

"ஆள் போயிட்டாரா தம்பி?"

2020 கடைசியிலும் 2021 முற்பாதியிலும் குறிஞ்சாக்கேணித் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கேள்வியை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேனோ தெரியாது. கேட்கிறவர் கல்லாவில் இருக்கிற காக்கா. பதில் சொல்கிறவன் பேப்பரைக் கையில் வைத்திருக்கிற நான். "இன்னும் இல்ல காக்கா. விரைவில் போவாராம்." அவர் ஒரு பிளேன்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "விரைவிலோ!" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பின் கதை கடைசியில் வரும்.

ஆள் யார்? மிலிந்த மொரகொட. இடம்? டெல்லி. பதவி? இலங்கையின் உயர்ஸ்தானிகர். அமைச்சரவை அந்தஸ்தோடு அனுப்பப்போகிறோம் என்று 2020 இல் பெயர் வந்தது. அவர் டெல்லியில் கடமையைப் பொறுப்பேற்றது 2021 ஓகஸ்ட் 30. கிட்டத்தட்ட ஒரு வருடம்! கொழும்பிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் நாலு மணித்தியாலம்கூட ஆகாது.

கிண்ணியாப் பக்கம் இருக்கிற எங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவருக்கு முன்னால் டெல்லியில் இருந்த ஒஸ்டின் பெர்னாண்டோ எங்கள் பழைய ஆளுநர். 2015 முதல் 2017 வரை கிழக்கு மாகாணத்தைத் திருகோணமலையில் இருந்து பார்த்தவர். டெல்லிக்குப் போனவரை 'எங்கட ஆள்' என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு அது போதும். அவர் கதிரையில் அடுத்து யார் என்று எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

சரி, வாருங்கள், திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போம். எனக்கு இந்த இடம்தான் கொள்ளை ஆசை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். அதனால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற முழு உரிமையும் பெண் வீட்டுக்கு. தூதுவர் விஷயமும் அச்சு அசல் அதேதான். போய் இருக்கப்போவது அடுத்தவன் வீட்டில். ஆகவே பெயரைப் பகிரங்கமாகச் சொல்வதற்கு முன்பு, சத்தமில்லாமல் ஒரு கடிதம் போகும்: 'இவரை அனுப்பலாம் என்று இருக்கிறோம், உங்களுக்குச் சம்மதமா?' ராஜதந்திரிகள் இதை 'அக்ரெமோன்' என்று பிரெஞ்சில் செல்லமாக அழைப்பார்கள். முன்னொப்புதல் என்று வைத்துக்கொள்ளலாம். 1961 வியன்னா உடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரை சொல்வது அழகு: சம்மதம் கட்டாயம் வேண்டும், மறுத்தால் காரணம் சொல்லத் தேவையே இல்லை. 'வேண்டாம்' என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. பதில் போடாமல் இருந்தாலே போதும், புரிந்துகொள்வார்கள். பெண் வீட்டார் 'யோசிச்சுச் சொல்லுறம்' என்று சொல்வது போல.

இந்தப் பக்கத்திலும் ஒரு சடங்கு உண்டு. இலங்கையில் ஜனாதிபதி ஒருவரைத் தெரிவுசெய்தால் மட்டும் போதாது. நாடாளுமன்றத்தின் உயர் பதவிகள் பற்றிய குழுவுக்கு முன்னால் அந்தப் பெயர் போக வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டுச் சம்மதத்துக்குக் காத்திருந்தால் ஊர் முழுக்கப் பேசும். சம்மதம் வாங்கிவிட்டுப் பெயரைச் சொன்னால் குழு கோபிக்கும். இரண்டு தரப்பையும் சமாளிக்கிற வெளிவிவகார அமைச்சு அதிகாரியை நினைத்தால் எனக்குக் கல்யாணத் தரகர் ஒருவரின் வியர்வை தெரிகிறது.

போய்ச் சேர்ந்த பிறகும் முடியவில்லை. நற்சான்றுப் பத்திரத்தைக் கொடுக்கும்வரை அவர் 'நியமன' உயர்ஸ்தானிகர்தான். கொழும்பில் இதற்கு ஒரு வேடிக்கையான முன்னுதாரணம் இருக்கிறது. 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில் இந்தியாவில் இருந்து வந்த கோபால் பாக்லே, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவுக்குப் பத்திரத்தை வீடியோ இணைப்பில் கொடுத்தார். மாப்பிள்ளை வட்ஸ்அப்பில் வந்து நிற்கிற மாதிரி! இன்னொன்று: தூதுவர்களுக்குள் யார் மூத்தவர் என்பது நாட்டின் அளவை வைத்து அல்ல. கடமையேற்ற திகதியையும் நேரத்தையும் வைத்துத்தான். ஆமாம், நேரம். ஒரே காலையில் இரண்டு பேர் பத்திரம் கொடுத்தால், முதலில் கொடுத்தவர்தான் விருந்தில் முதல் வரிசை.

அதுசரி, ஏன் 'தூதுவர்' இல்லை, 'உயர்ஸ்தானிகர்'? பொதுநலவாய நாடுகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பெயர் அது. வேலை ஒன்றுதான், பெயர்தான் நீளம். 1947 இல் இந்தியாவில் இருந்து கொழும்புக்கு அப்படி வந்தவர் வி.வி. கிரி, பின்னாளில் இந்தியாவின் ஜனாதிபதியே ஆனார். ஆகவே கொழும்புக் கதிரையைச் சின்னக் கதிரை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மொரகொடவிடம் திரும்புவோம். ஆள் சும்மா ஆள் இல்லை. 2002 இல் தாய்லாந்தில் புலிகளோடு நடந்த பேச்சுவார்த்தையில் அரச தரப்பில் இருந்தவர், முன்னாள் அமைச்சர், மத்திய வங்கியின் முதல் இலங்கையர் ஆளுநரான என்.யு. ஜயவர்தனவின் பேரன். காத்திருந்த காலத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. டெல்லி, சென்னை, மும்பாய் ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள இலங்கை அலுவலகங்கள் 2021 முதல் 2023 வரை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முழுத் திட்டமே தயார். மாப்பிள்ளை வீட்டுக்குள் போக முன்பே எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று எழுதி வைத்துவிட்டார்!

அவர் போன பிறகு நடந்ததைப் பார்த்துத்தான் எங்கள் கடையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். காரணம், திருகோணமலைச் சீனக்குடா. பிரிட்டிஷார் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டத் தொடங்கிய அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் அவற்றைச் சேர்ந்து புதுப்பிப்போம் என்று ஒரு வரி இருந்தது. அப்போது இந்திய உயர்ஸ்தானிகராக இருந்தவர் ஜே.என். டிக்சிட். அதற்குப் பிறகு எத்தனை உயர்ஸ்தானிகர்கள் வந்து, எத்தனை பேர் துறைமுகத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்! 2003 இல் இந்திய எண்ணெய்க் கம்பனியின் பிள்ளையான லங்கா ஐஓசி உள்ளே வந்தது. மற்றதெல்லாம் அப்படியே. திடீரென்று 2022 ஜனவரி 6 அன்று ஒப்பந்தம்: 14 தாங்கி லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த புதிய கம்பனிக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். ஆளை அனுப்ப ஒரு வருடம். ஆள் போய் நாலு மாதம் கடந்ததும் முப்பத்து நாலு வருடப் பழைய வரிக்குக் கையெழுத்து. எல்லாம் அவரால்தான் என்று சொல்லமாட்டேன், டொலர் தீர்ந்துபோன நெருக்கடி அந்தப் பேனாவை வேகமாகத் தள்ளியது. ஆனால் கதிரையில் ஆள் இருந்ததும் உதவியது என்பது என் கட்சி.

காக்காவின் அளவுகோல் வேறு. "தாங்கியில எங்களுக்கு என்ன தம்பி? பாலம் கட்டித் தந்தவன்தான் தூதுவன்." சவூதி கடனுதவியில் 2009 ஒக்டோபரில் திறந்த 396 மீட்டர் கிண்ணியாப் பாலத்தைத்தான் சொல்கிறார். திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம். அதற்கு முன் திருகோணமலைக்குப் போக நாங்கள் படகுப்பாதைக்குக் காத்து நின்றோம்.

குறிஞ்சாக்கேணிக்கும் ஒரு பாலம் 'விரைவில்' வருவதாக இருந்தது. வேலை நடந்துகொண்டிருந்ததால் சனம் களப்பைப் படகுப்பாதையில் கடந்தது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே போனார்கள். புதிய உயர்ஸ்தானிகர் டெல்லியில் மூன்று மாதம்கூட முடிக்கவில்லை. அன்றைக்குக் கடையில் ஒருவரும் பேப்பர் விரிக்கவில்லை. அதற்குப் பிறகு காக்கா 'விரைவில்' என்ற சொல்லுக்குச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் மட்டும் இன்னும் எட்டிப் பார்க்கிறேன், பழக்கதோஷம். இந்திய வெளியுறவு அமைச்சு ஒரு பெயரை அறிவித்தால் இரண்டே வரிதான் எழுதும்: இன்னார் நியமிக்கப்பட்டுள்ளார், விரைவில் பொறுப்பேற்பார் என எதிர்பார்க்கப்படுகிறது. 2023 இல் கொழும்புக்கான உயர்ஸ்தானிகராகப் பெயர் வந்த சந்தோஷ் ஜாவுக்கும் அதே வரிதான்; அவர் முன்பே கொழும்பில் வேலை பார்த்துப் பழகியவர், டிசம்பரில் வந்து சேர்ந்துவிட்டார். அடுத்த முறை அப்படி ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டால் கலண்டரில் திகதியைக் குறித்து வையுங்கள். ஆள் வந்து இறங்கும் நாளையும் பக்கத்தில் எழுதுங்கள். யாருடைய 'விரைவில்' எத்தனை நாள் என்று பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போம். பிளேன்டி என் கணக்கு.