ஜாக்சன் துரைக்கு வேலை போனது ஏன்? ராமநாதபுரம் விசாரணையும் யாரும் கேட்காத கணக்கும்

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்தில் சிவாஜியும் ஜாக்சன் துரையும் மோதும் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. படம் பார்க்காதவர்களுக்கும் ரீல்ஸ், மீம் வழியாக அந்த வசனம் வந்து சேர்ந்திருக்கும். அந்தச் சந்திப்பு நிஜமாகவே நடந்தது, 1798 செப்டம்பரில், ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில். அதற்கு 3 மாதம் கழித்து நடந்த விஷயம்தான் பலருக்கும் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கலெக்டரின் நடத்தையையே விசாரிக்கக் குழு போட்டது. கடைசியில் கலெக்டருக்கு வேலை போனது.

ராமநாதபுரத்துக்குக் கலெக்டர் எப்படி வந்தார்?

ராமேஸ்வரத்துக்கும் சேதுவுக்கும் காவலர்கள் என்பதால்தான் ராமநாதபுரம் மன்னர்களுக்குச் சேதுபதி என்று பெயர். பாம்பன் கால்வாயில் போகும் கப்பல்களின் சுங்கம் அவர்கள் கையில் இருந்தது. கைத்தறித் துணி வணிகமும் அப்படித்தான். கம்பெனிக்குக் கண் உறுத்த இது போதாதா?

1772-ல் ஆற்காடு நவாப்பின் படையும் ஜெனரல் ஜோசப் ஸ்மித் தலைமையிலான கம்பெனிப் படையும் சேர்ந்து ராமநாதபுரத்தைப் பிடித்தன. சிறுவனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதியைத் திருச்சியில் சிறைவைத்தார்கள். 1781-ல் விடுதலையாகி வந்து ஆட்சி செய்தார். துணி வணிகத்தில் கம்பெனி கேட்ட சலுகைகளுக்கு அவர் சரி சொல்லவில்லை. வரிப் பாக்கி, சிவகங்கையோடு சண்டை என்று காரணம் சொல்லி 1795-ல் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சீமையை நிர்வகிக்கும் வேலை நேரடியாகக் கம்பெனிக்கு வந்தது. ஜாக்சன் வந்து உட்கார்ந்தது இந்தப் ‘புது’ இடத்தில்தான். பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிப்பதும் அவர் பொறுப்பு.

அந்த 23 நாள்

பாஞ்சாலங்குறிச்சியின் பாக்கி 1798 மே கடைசியில் 3,310 வராகன். இரண்டு வாரத்துக்குள் ராமநாதபுரம் வந்து பார்க்கச் சொல்லி ஆகஸ்ட் 18-ம் தேதி ஜாக்சன் கடிதம் அனுப்பினார். கட்டபொம்மன் கிளம்பிவிட்டார். ஆனால் கலெக்டர் ஊரில் இல்லை, டூர் போய்விட்டார். குற்றாலத்தில் பார்க்கப் போனால் முடியாது என்றார்கள். சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கலெக்டருக்குப் பின்னாலேயே 23 நாள், சுமார் 400 மைல் அலைச்சல். அரசு ஆபீஸில் ‘நாளைக்கு வாங்க’ கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வலி புரியும்.

கடைசியில் ராமநாதபுரத்தில் பார்த்தபோது அவரைச் சுமார் 3 மணி நேரம் நிற்க வைத்தே பேசினார் ஜாக்சன். கணக்குப் பார்த்தால் பாக்கியில் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. மிச்சம் 1,080 வராகன்தான். பேச்சு முற்றி கைகலப்பாகி, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார். அவருடைய அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொண்டார்.

(சுவர் ஓவியங்களுக்குப் பேர்போன மண்டபம் இந்த ராமலிங்க விலாசம். ஐரோப்பியர்கள் சேதுபதியைச் சந்திக்க வந்த காட்சியும் அங்கே வரையப்பட்டிருக்கிறது. 1798-ல் அதே இடத்தில் நாற்காலியில் இருந்தவர் ஜாக்சன்.)

விசாரணையில் என்ன நடந்தது?

கலெக்டர் தன்னை அவமதித்ததாகவும் கைது செய்யப் பார்த்ததாகவும் கட்டபொம்மன் சென்னைக்கு எழுதினார். கவர்னர் எட்வர்ட் கிளைவ், வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் கேசமேயர் மூவரையும் கொண்ட குழுவை அமைத்தார். சுப்பிரமணிய பிள்ளை விடுவிக்கப்பட்டார். ஜாக்சன் சஸ்பெண்ட் ஆனார். டிசம்பர் 15-ம் தேதி கட்டபொம்மன் குழு முன்னால் ஆஜராகி நடந்ததைச் சொன்னார். குழு அவர்மீது குற்றமில்லை என்றது. ஜாக்சன் பணியிலிருந்து நீக்கப்பட, லூஷிங்டன் கலெக்டரானார்.

கம்பெனிக்குத் திடீரென்று நியாய உணர்வு வந்துவிட்டதா? நம்பக் கஷ்டம். மைசூரில் திப்புவோடு போர் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் தெற்கே இன்னொரு தலைவலி யாருக்கு வேண்டும்?

எப்படிப் பார்த்தாலும் குழு விசாரித்தது ஒரு அதிகாரி நடந்துகொண்ட விதத்தை. கிஸ்திப் பணம் எங்கே போகிறது என்பது அதன் வேலையில் இல்லவே இல்லை. அந்தக் கேள்வியை லண்டனில் 13 வருஷம் முன்பே ஒருவர் கேட்டிருந்தார்.

கிஸ்தி யாருடைய கடனுக்கு?

பாளையக்காரர்களுக்கு மேலதிகாரி என்று சொல்லிக்கொண்டவர் ஆற்காடு நவாப் முகமது அலி. கம்பெனிப் படையின் செலவுக்கு அவர் பணம் தர வேண்டும். கையில் இல்லை. எனவே கம்பெனி ஊழியர்களிடமே கடன் வாங்கினார். வட்டி என்றால் கந்துவட்டி. ஈடாகச் சீமைகளின் வரி வருமானத்தை எழுதிக் கொடுத்தார். வருஷத்துக்குச் சில நூறு பவுன் சம்பளம் வாங்கிய பால் பென்ஃபீல்ட், லட்சக்கணக்கில் நவாப் பாக்கி என்று கணக்குக் காட்டினார். அதே பென்ஃபீல்ட் பிரிட்டிஷ் எம்.பி.யாகவும் ஆனார்.

இந்தக் கடன்களில் எது உண்மை, எது போலி என்று விசாரிக்க வேண்டும் என 1784-ம் ஆண்டு இந்தியச் சட்டத்திலேயே இருந்தது. கம்பெனி டைரக்டர்களும் விசாரிக்கச் சொல்லிச் சென்னைக்குக் கடிதம் தயார் செய்தார்கள். அவர்களுக்கு மேலே இருந்த கட்டுப்பாட்டு வாரியம் அந்தக் கடிதத்தையே மாற்றியது. விசாரணை வேண்டாம், வருஷா வருஷம் கட்டிவிடுங்கள் என்பதுதான் புது உத்தரவு. தொகை ஆண்டுக்கு 4,80,000 பவுன்.

இதற்கான ஆவணங்களைச் சபையில் வைக்கக் கோரி 1785 பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்றத்தில் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். எட்மண்ட் பர்க் மணிக்கணக்கில் பேசினார். கர்நாடகத்துக் குடியானவன் கட்டும் வரி, தேர்தலில் உதவிய கடன்காரர்களுக்குக் கைமாறாகப் போகிறது என்பதுதான் அவர் குற்றச்சாட்டு. இன்றைய பொதுக் கணக்குக் குழு கேட்கிற மாதிரியான கேள்வி. தீர்மானம் பெரும் வித்தியாசத்தில் தோற்றது.

1792-ல் நவாப்போடு போட்ட ஒப்பந்தத்தில் இது இன்னும் கெட்டியானது. தனியார் கடன்காரர்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 6.21 லட்சம் வராகன் ஒதுக்கினார்கள். பாளையக்காரர்களிடம் வசூலிக்கும் உரிமையும் கம்பெனிக்கு வந்தது. வசூலானதை நவாப் தர வேண்டிய தொகையில் வரவு வைத்துக்கொள்ளலாம். ஜாக்சன் துரத்திய 1,080 வராகனும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

ஆள் மாறினார். கிஸ்தி?

மாறவில்லை. 1799 ஏப்ரலில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதி பக்கம் மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. குறி வைத்தது கம்பெனியின் கச்சேரியையும் துணி, தானியக் கிடங்குகளையும். திப்பு வீழ்ந்த பிறகு மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக்குப் படையோடு வந்தார். குழு குற்றமற்றவர் என்று சொன்ன கட்டபொம்மன், ஒரு வருஷம்கூட ஆகாமல் 1799 அக்டோபரில் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். லூஷிங்டன் பின்னாளில் சென்னை மாகாண கவர்னர் வரை உயர்ந்தார்.

முத்துராமலிங்க சேதுபதிக்கு அந்த மாதிரி ஒரு குழுகூட வாய்க்கவில்லை. 1795-ல் பிடிபட்டவர், 1809-ல் சென்னைக் கோட்டைச் சிறையிலேயே இறந்தார். 1803-ல் அவருடைய அக்கா மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ராமநாதபுரம் ஜமீனாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அரசு என்ற அந்தஸ்து போய்விட்டது.

1801-ல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி வசமானதும் நவாப்பின் பெயரில் இன்னொரு கடன் பட்டியல் கிளம்பியது. இந்த முறை 1805-ல் ஆணையம் போட்டு ஒவ்வொரு பத்திரமாக விசாரித்தார்கள். வேலை முடியச் சுமார் 25 வருஷம் ஆனது. கேட்ட தொகை 3 கோடி பவுனுக்கு மேல். உண்மை என்று தேறியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பர்க் கேள்வி கேட்ட பழைய கடன்கள் இந்த ஆணையத்தின் முன் வரவே இல்லை. அவற்றை 1804-லேயே கட்டி முடித்திருந்தார்கள்.