செயலாளர் மாறலாம்; முகவரி மாறலாகாது

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு விலாசத்தின் அருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இரயில்வேயில் பணிபுரியும் நம் போன்றோர், மாற்றல் உத்தரவு வந்ததும், நம் பெயருக்கு வரும் கடிதங்களைப் புதிய இடத்துக்குத் திருப்பி விடுமாறு அஞ்சலகத்தில் எழுதிக் கொடுப்பது வழக்கம். சங்கங்களின் மின்னஞ்சல் விஷயத்திலும் இத்தகைய முன்யோசனை வேண்டும்.

செயலாளராக இருப்பவரின் சொந்த மின்னஞ்சல் முகவரியையே சங்கத்தின் முகவரியாக அச்சிட்டு விடுவது எளிதுதான். ஆனால் ஈராண்டு கழித்து அவர் வேறூர் சென்றுவிட்டால், மருத்துவத்துக்கு வந்து மொழி தெரியாமல் தவிக்கும் ஒரு குடும்பம் பழைய இதழைப் பார்த்து எழுதும் கடிதம் யாரிடம் போய்ச் சேரும்?

இதற்கு வழி உண்டு. சங்கத்தின் இணையதளத்துக்கென ஒரு பெயர், அதாவது டொமைன், இருக்குமாயின், அப்பெயரிலேயே செயலாளர், பொருளாளர் என்று பதவிக்கொரு முகவரி அமைக்கலாம். அவற்றுக்கு வரும் கடிதங்கள், அவ்வப்போது பொறுப்பிலுள்ளவரின் சொந்தப் பெட்டிக்குத் தாமாகவே செல்லும்படி செய்யலாம். டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனங்களுள் சில இவ்வசதியை இலவசமாகவே அளிக்கின்றன.

ஒரு டொமைனுக்குரிய கடிதத்தை எங்கே ஒப்படைப்பது என்பதை, அதன் ‘எம்.எக்ஸ்.’ பதிவைப் பார்த்தே அஞ்சல் கணினிகள் அறிகின்றன. 1986-இல் வகுக்கப்பட்ட இம்முறை இன்றும் நிலைத்திருக்கிறது. திருப்பி விடும் நிறுவனம் தரும் எம்.எக்ஸ். விவரத்தை டொமைனின் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். முன்பு வேறு அஞ்சல் சேவைக்காக இட்டவற்றை நீக்கிவிட வேண்டும். இதனால் இணையதளத்துக்கு இடையூறு நேராது. அதற்குரிய பதிவு வேறு. பிறகு பொது முகவரியையும், கடிதம் சேரவேண்டிய சொந்த முகவரியையும் குறிக்க வேண்டும். சொந்த முகவரிக்கு உறுதி கேட்டு ஒரு கடிதம் வந்தால் அதற்கு இசைவு தரவேண்டும். மாறுதல் எங்கும் பரவ 48 மணி நேரம் வரை ஆகலாம். அதன்பின் வேறொருவரின் முகவரியிலிருந்து கடிதம் அனுப்பிச் சோதிப்பது நலம்.

இதில் ஓர் இடர் உண்டு. புறப்பட்ட நிலையத்தின் சீட்டும் வந்து இறங்கிய வண்டியும் ஒவ்வாத பார்சலைக் குமாஸ்தா ஐயுறுவது போல, அனுப்பியவர் ஒருவராகவும் கொண்டு வந்த கணினி மற்றொன்றாகவும் இருப்பதால், திருப்பி விடப்பட்ட கடிதத்தைச் சில சேவைகள் ஐயுற்று ‘ஸ்பாம்’ பகுதியில் தள்ளிவிடும். ஆதலால் அப்பகுதியை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். எந்தப் பெயருக்கு வந்தாலும் ஏற்கும் ஏற்பாட்டைத் தவிர்த்தல் நன்று. வேண்டாத விளம்பரங்கள் வந்து குவியும். மேலும், திருப்பி விடுதல் வரும் கடிதத்துக்கு மட்டுமே பயன்படும். பதில் எழுதினால் சொந்த முகவரியே தெரியும். சங்கத்தின் பெயரால் பதில் செல்ல வேண்டுமாயின் அதற்குத் தனி ஏற்பாடு தேவை.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. டொமைன் நிரந்தர உடைமையன்று. உரிய காலத்தில் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்கத் தவறினால் நாளடைவில் அதைப் பிறர் வாங்கிவிடலாம். அதன்பின் நம் குடும்பங்கள் நம்பி அனுப்பும் ஆதார் நகலும், மருத்துவக் குறிப்பும், பண விவரமும் முன்பின் அறியாதார் கையில் சேரக்கூடும். ஆகவே டொமைனைத் தனி ஒருவர் பெயரில் வையாது சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்து, புதுப்பிக்கும் நாளைச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும். கடவுச்சொல்லைப் பொறுப்பாளர் இருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

புதிய செயலாளர் பொறுப்பேற்கும் நாளில் சாவியையும் கணக்கையும் ஒப்படைப்பது போல, கடிதம் சேரும் முகவரியையும் அன்றே மாற்றிவிடுவோமாக. அச்சான பழைய விலாசத்தை நம்பி எழுதுகிறவர் எவரும் பதிலின்றிக் காத்திருத்தலாகாது.