சுரைக்காய்: தமிழில் கேலி, சீனத்தில் ராசி, ஜூஸில் எச்சரிக்கை

நெருள் மார்க்கெட்டில் மராத்திக் கடைக்காரரிடம் சுரைக்காய் வாங்க 'துதி' என்று கேட்க வேண்டும். பெயர் மாறினாலும் காய் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு மொழியும் அதில் வேறு வேறு அர்த்தத்தை நிரப்பி வைத்திருக்கிறது.

சீனர்களுக்கு ஏன் ராசி?

சீனத்தில் இதன் பெயர் 'ஹூலு'. நல்வாழ்வு, பதவி இரண்டையும் குறிக்கும் 'ஃபூலு' என்ற சொல்லைப் போலவே ஒலிப்பதால், வீட்டில் மாட்டினால் அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை. ஹூலு ஸ்ட்ரீமிங் தளத்தின் பெயரும் இந்தச் சொல்தான்.

உலர்ந்த குடுக்கை அங்கே மருந்துக் குடுவையும்கூட. எட்டு அமரர்களில் ஒருவரான லி தியேகுவாய் கையில் இருப்பது அதுதான். ஒருவர் மனசுல என்ன பிளான் என்று புரியாவிட்டால், 'அவர் சுரைக்குடுக்கையில் என்ன மருந்து விற்கிறார்?' என்பார்கள்.

நம்மிடம்?

நமக்கும் ஒரு சுரைக்காய்ச் சித்தர் உண்டு. எப்போதும் சுரைக்குடுக்கையோடு திரிந்ததால் வந்த பெயர். ஜீவசமாதி ஆந்திராவில், புத்தூர் அருகே நாராயணவனத்தில். நம் பக்கத்திலேயே, மிரஜ் தம்புராவின் குடம் சுரைக்குடுக்கைதான். அதற்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் மொழியில் நமக்கு மிஞ்சியது கேலி: 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது'. சீனத்திலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு. 'மாதிரியைப் பார்த்துச் சுரைக்காய் வரைவது' என்றால், புரியாமல் அப்படியே காப்பி அடிப்பது.

எச்சரிக்கை எங்கே?

தமிழில் கசப்புச் சுரைக்குத் தனிப் பெயரே இருக்கிறது: பேய்ச்சுரை. கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள். காலையில் சுரைக்காய் ஜூஸ் குடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கசப்பு ஜூஸ் குடித்துக் கடும் வாந்தி, ரத்த வாந்தி, உயிரிழப்பு வரை போன சம்பவங்கள் இந்தியாவில் நடந்துள்ளன. இதை ஆராய்ந்த ஐசிஎம்ஆர் நிபுணர் குழுவின் அறிக்கை 2012-ல் வெளியானது.

என்ன செய்யலாம்?

வெளித்தோற்றத்தை வைத்துக் கசப்பைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்:

• ஜூஸ் போடும் முன் சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள்.
• வேறு ஜூஸோ தேனோ கலந்து கசப்பை மறைக்காதீர்கள்.
• குடித்தபின் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன குடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.