சோறு இருக்கிறது, தொட்டுக்கொள்ள? முதியோர் தட்டும் வருமானமும்

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். நாளொன்றுக்கு 40 ரூபாய். மாத்திரை, சோப்பு, வெற்றிலை பாக்கு போக மிஞ்சுவதில்தான் பாலும் காய்கறியும் வாங்க வேண்டும். ரேஷன் அரிசி இலவசம் என்பதால் அடுப்பு எரிகிறது, வயிறு நிறைகிறது. ஏழை முதியவரின் குறை பசியாக வெளியே தெரிவதில்லை. உடம்பு மெலிவதில் தெரிகிறது.

2017-18இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட இந்திய முதுமை ஆய்வு, 60 வயது கடந்தவர்களில் 27 சதவீதத்தினர் இருக்க வேண்டிய எடைகூட இல்லாதவர்கள் என்றது. அதிக எடை உள்ளவர்கள் 22 சதவீதம். மெலிவு பெரும்பாலும் வசதி குறைந்த வீடுகளிலும், பருமன் வசதியான வீடுகளிலும் சேர்கிறது.

புரதக் கணக்கு

வயதாக ஆகத் தசை கரைகிறது. சாப்பிடும் புரதத்தைத் தசையாக மாற்றும் திறனும் குறைகிறது. அதனால், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் முதியோருக்குத் தேவை என்கிறார்கள் நிபுணர்கள். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 50 முதல் 60 கிராம்.

நாளுக்கு 300 கிராம் அரிசி சமைத்தால் சுமார் 20 கிராம் புரதம் கிடைக்கும். ரேஷனில் கார்டுக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குத் தருகிறார்கள். அதை ஒருவரே சாப்பிட்டாலும் நாளுக்கு இன்னொரு 7 கிராம்தான். தேவையில் பாதிதான் தேறுகிறது. இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம் கூடும். ஆனால் ஒரு முட்டை 6, 7 ரூபாய் விற்கும்போது, அந்த 40 ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

பணம் மட்டுமா?

பல் போனவருக்குக் கடலையும் கறியும் எட்டாது. வசதியுள்ளவர் பல்செட் கட்டிக்கொள்கிறார். இல்லாதவர் ரசம் சோற்றோடு நிறுத்திக்கொள்கிறார். தனியாக இருப்பவர் ஒரு ஆளுக்காக எதற்குக் குழம்பு என்று பழைய சோற்றில் மோர் ஊற்றிக்கொள்கிறார். மகன் வீட்டில் இருக்கும் பாட்டியோ, உதவித்தொகையைக் குடும்பச் செலவுக்குக் கொடுத்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருப்பதைச் சாப்பிடுகிறார். வீட்டு வருமானத்தை மட்டும் வைத்து அவருடைய தட்டை அளக்க முடியாது.

சர்க்கரை நோய் வந்துவிட்டால் சிக்கல் இன்னும் இறுகுகிறது. மருத்துவர் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார். சுண்டலும் கீரையும் மீனும் வாங்க முடிந்தவருக்கு அது நல்ல ஆலோசனை. சோற்றைத் தவிர வேறில்லாதவருக்கு அது சாப்பாட்டையே குறைக்கச் சொல்வதாகிவிடுகிறது.

அரசு செய்வதும் செய்யக்கூடியதும்

மாநிலத்தில் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய உதவித்தொகை, 2011இல் 1,000 ரூபாயானது. அது 1,200 ரூபாயாக உயர்ந்தது 2023 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் பருப்பும் எண்ணெயும் ஏறிய விலைக்கு அந்த 200 ரூபாய் ஈடாகாது. 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு இன்றும் மாதம் 200 ரூபாய்தான்.

ரேஷன் கடை வரை நடப்பதும் பலருக்குப் பெரும்பாடு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் 70 வயது கடந்தவர்களின் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோனது. கால் வலிக்கு அது விடை. ஆனால் மூட்டையில் இருப்பது பெரும்பாலும் அதே அரிசி.

உதவித்தொகை பெறும் முதியோர் சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடலாம் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. அங்கே சாப்பிடாதவர்களுக்கு மாதம் 4 கிலோ அரிசி. அதே மையங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் 5 நாள் முட்டை அவிகிறது. சமையற்கூடம், ஆள், கொள்முதல் எல்லாம் ஊர்தோறும் தயாராக உள்ளன. ஆகவே முதியோருக்குப் புதிய திட்டம் ஒன்றைத் தேட வேண்டியதில்லை. அந்த 4 கிலோ அரிசியோடு முட்டையும், முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ சேர்த்தால் போதும். அதற்குத் தேவை, முதியோர் உணவையும் அரிசியால் மட்டும் அளக்காத ஓர் அரசாணை.